எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள்?

இரவில் தொலைபேசி வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆளின் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பேன். அழுதுகொண்டே பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஈரமில்லாததாகத் தோன்றும். “என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை, நீங்கள் மணி கேட்கிறீர்கள்” என்று ஒரு தாய் என்னைத் திட்டியிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் திரும்பவும் அதையே கேட்டேன். அந்த இரவில் அவர் பிள்ளைக்காக எங்கள் கையில் இருந்தது அந்த ஒரு மணிக்கணக்கு மட்டும்தான்.

தென் மாவட்டம் ஒன்றில், இருபது பேர்கூட இல்லாத ஒரு சிறிய மனித உரிமைக் குழுவில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. மூன்று வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு தையல்காரர், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அந்த ஜெராக்ஸ் கடையின் மாடியில் கூடுவோம். குழுவின் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் மனிதர்கள் இன்னும் அந்தத் தெருக்களில்தான் நடமாடுகிறார்கள்.

நேரத்தை எழுதி வைக்கும் பழக்கம் எனக்குத் தந்தி அலுவலகத்தில் வந்தது. 1986-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊரில் இரவு முழுவதும் விளக்கெரியும் இடங்கள் நான்கு: அரசு மருத்துவமனை, பஸ் நிலையம், காவல் நிலையம், எங்கள் தந்தி அலுவலகம். இரவுப் பணியில் பெரும்பாலும் சாவுச் செய்திகள்தான் வரும். அவற்றுக்கு நடுவே மாதத்தில் ஒரு முறையாவது, பதினொரு மணிக்கு மேல், ஒரு வழக்கறிஞர் சைக்கிளில் வந்து இறங்குவார். ஒரே செய்தியை நான்கு முகவரிகளுக்குக் கொடுப்பார்: மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், உள்துறைச் செயலர், சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர். தந்தியில் சொல்லுக்குக் காசு. அதனால் ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், அழைத்துப் போன நேரம், எந்த நிலையம், உயிருக்கு ஆபத்து என்பதோடு செய்தி முடிந்துவிடும். செய்திகளை வெளியில் சொல்லக்கூடாது என்பது தந்திச் சட்டம். அந்தப் பெயர்களை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பணத்தைக் கட்டியதும் அவர் ரசீதை விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார். மணி மங்கலாகத் தெரிந்தால், “தம்பி, இதைக் கொஞ்சம் தெளிவாகப் போட்டுக்கொடுங்கள்” என்பார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்: “தந்தி கையில் கிடைப்பதற்குள் விடிந்துவிடுமே ஐயா, அதற்குள் அவனை என்ன செய்வார்களோ?”

“விடியட்டும். காலை ஆறு மணிக்குப் புறவழிச்சாலையில் சந்தேகப்படும்படி நின்றபோது பிடித்தோம் என்று எழுதுவார்கள். ஆறு மணிக்குப் பிடிபட்டவனைப் பற்றி நான் முந்தின இரவு பதினொரு மணிக்கே எப்படித் தந்தி கொடுத்தேன் என்று நீதிபதிக்குக் கேட்கத் தோன்றும். தந்தி கிளம்பிய நேரம் எனக்குப் போதும், தம்பி.”

அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதைக் காவல்துறை மட்டுமே எழுதுமானால் அந்தப் பிரிவு வெறும் காகிதம். நேரத்தை எழுத இன்னொரு கை வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மனிதர் சைக்கிள் மிதித்து வந்தார். நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரலில், காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன காலத்தில் அவர் இளம் வழக்கறிஞர். அந்த ஆண்டின் அக்டோபரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்புதான் பிற்பாடு மக்கள் சிவில் உரிமைக் கழகம் ஆயிற்று. இந்தியாவின் சிறிய ஊர்களில் எங்களைப் போன்ற குழுக்கள் பலவும் அந்தக் காலத்தின் பயத்திலிருந்து பிறந்தவைதான்.

1986 ஆகஸ்ட் 26 அன்று, மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி.கே. பாசு, காவல் நிலைய மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, கைதின்போது காவல்துறை கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளைத் தந்தது. கைது செய்யும் இடத்திலேயே நேரமும் தேதியும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். தொலைபேசி ஒட்டுக்கேட்பதற்கு எதிராக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கின் தீர்ப்பு வந்ததும் அதே டிசம்பர் 18-தான். தொலைத்தொடர்புத் துறை ஊழியனாக அந்தச் செய்தியையும், சைக்கிளில் வந்த அந்த வழக்கறிஞர் ஐயாவின் நண்பனாக இந்தச் செய்தியையும் அடுத்தடுத்துப் படித்தேன். அரசு ஊழியன் என்பதால் குழுவில் பெயர் சேர்த்துக்கொள்ளாமல், தட்டச்சு வேலைகளை மட்டும் வீட்டில் வைத்துச் செய்துகொடுத்து வந்த காலம் அது. 2005-இல் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு முழுதாக வந்து சேர்ந்தேன்.

ஐயா 2011-இல் மறைந்தார். 2013 ஜூலை 14 தந்தியின் கடைசி நாள். அன்று நானும் வரிசையில் நின்று, ஐயாவின் மனைவிக்கு நலம் விசாரித்து ஒரு தந்தி கொடுத்தேன். ரசீதில் மணி தெளிவாக இருந்தது.

இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. காசும் இல்லை, போய்ச் சேரவும் நேரம் ஆவதில்லை. ஆனால் வசதி வந்ததும் ஒழுங்கு போய்விட்டது என்பது என் வருத்தம். புதிதாக வருகிற பிள்ளைகள், “அராஜகக் கைது, உடனே பகிருங்கள்” என்று வாட்ஸ்அப்பில் முந்நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, கண்காணிப்பாளருக்கு எழுத மறந்துவிடுகிறார்கள். முந்நூறு பேர் படித்ததற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. பொறுப்புள்ள ஓர் அதிகாரியின் பெட்டியில் இரவு 10.20-க்கு விழுந்த கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

2021-ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இரவு 9.50-க்கு ஒரு பெண் அழைத்தார். கணவர் வெங்காய மண்டியில் சுமை தூக்குகிறவர். மாலை நாலரை மணிக்கு மண்டிக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைச் சீருடை இல்லாத இருவர் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போனார்கள். மண்டியில் பணம் காணாமல் போன விஷயம். ஏழு மணிக்கு மாமியாரோடு இவர் காவல் நிலையத்துக்குப் போனார். “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று பாராவில் நின்றவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“ஆனால் அவருடைய செருப்பு அங்கே படியோரத்தில் கிடந்தது, சார்.”

“அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்?”

“வார் அறுந்து போனதை நான்தான் நீல நூலால் தைத்துக் கொடுத்தேன்.”

என் நோட்டில் அந்த நீல நூலையும் எழுதினேன். மின்னஞ்சலிலும் எழுதினேன். அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் வசவும் முழக்கமும் இடத்தை அடைக்கும், வேலைக்கு ஆகாது. நேரில் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு சிறு அடையாளம், இவர்களிடம் ஏதோ தெரிந்திருக்கிறது என்ற எண்ணத்தை எதிர்த் தரப்புக்கு உண்டாக்கும். அந்த எண்ணம் சில சமயம் ஓர் அடியைத் தடுக்கும் என்று நம்புகிறேன்.

10.20-க்குக் காவல் கண்காணிப்பாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர், மாநில மனித உரிமை ஆணையம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய நால்வருக்கும் கடிதம் போனது. நூறாம் எண்ணுக்கு அழைத்தோம். எடுத்தவர் சொன்ன பதிலையும் நேரத்தையும் எழுதிக்கொண்டோம். இலவச சட்ட உதவிக்கான 15100-க்கும் தகவல் சொன்னோம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். இது காவல் நிலைய வாசலில் நிற்கும் குடும்பங்களில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தெரிந்திருப்பதாக நான் பார்த்ததில்லை.

11.15-க்கு நிலையத்துக்குப் போனோம். வழக்கறிஞர், ஆசிரியை, நான். மூன்று பேருக்கு மேல் போவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஐந்து பேர் போனால் கூட்டம் என்பார்கள், அரசுப் பணியைத் தடுத்ததாக நம் மேலேயே வழக்கு வரும். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்; உள்ளே இருப்பவரின் மனைவியோ தாயோ ஆண்களிடம் சொல்லக் கூசுகிற ஒன்று எப்போதும் இருக்கும். குரலை உயர்த்துவதில்லை. மனுவை இரண்டு படியாக எடுத்துப் போய் ஒன்றில் ஒப்புகைக் கையெழுத்துக் கேட்போம். அன்று நிலைய எழுத்தரான ரைட்டர் மனுவை வாங்கினார், கையெழுத்துப் போட மறுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, ‘11.25-க்கு மனு கொடுத்தோம், ஒப்புகை தர மறுக்கப்பட்டது’ என்று அடுத்த மின்னஞ்சலை அனுப்பினேன். மறுப்பையும் பதிவாக்கிவிடலாம் என்பதை ஐயாவிடம் கற்றேன்.

மறுநாள் மாலை நடுவர் முன் நிறுத்தினார்கள். கைதுக் குறிப்பில் நேரம்: காலை 6.15. இடம்: பஸ் நிலையம் அருகில். ஐயா இருந்திருந்தால் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வழக்கறிஞர் இரண்டு மின்னஞ்சல்களின் படியையும் நடுவரிடம் கொடுத்தார். நடுவர் அந்த மனிதரைப் பார்த்து, “உங்களை யாராவது அடித்தார்களா?” என்று கேட்டார். அவர், “இல்லை ஐயா” என்றார். அழைத்து வந்த காவலர்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ‘இல்லை’யை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு அவர் மேல் கோபப்படுகிற இளைஞர்களையும் பார்த்திருக்கிறேன். அன்றைய இரவும் அதே கைகளில் கழியக்கூடும் என்று தெரிந்த ஒருவன் வேறு எதைச் சொல்வான்? அந்த நடுவர் காகிதத்தில் இருந்த மணிகளை ஒரு முறை பார்த்தார், அவரைப் பார்த்தார், “நாலு எட்டு நடந்து காட்டுங்கள்” என்றார். அவரால் குதிகாலை ஊன்ற முடியவில்லை. நடுவர் அதைத் தன் கையால் எழுதி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

எல்லா நடுவரும் இப்படி இல்லை. அதனால் குடும்பத்திடம் சில விஷயங்களை முன்பே சொல்லிவிடுவோம். அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று நீதிமன்றத்தில் அவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். நடுவரிடம் சொல்லப் பயமாக இருந்தால், சிறையில் சேர்க்கும்போது பார்க்கும் சிறை மருத்துவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும். காவலர்கள் போன பிறகு அங்கே வாய் திறக்கிறவர்கள் உண்டு. மருத்துவமனையில் ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்கிற காயப் பதிவின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற வரி அதில் ஏறுவதற்கு முன், என்ன நடந்தது என்பதைக் காயம்பட்டவரே மருத்துவரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் இன்னொரு கடிதம் எழுதினோம்: அந்த இரவின் கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடைவழி என எந்த இடமும் விடுபடாமல் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டின் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததைத் தமிழ்நாடு மறக்க முடியாது. எங்கள் கடிதத்துக்குப் பதில் வராததால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். அன்று கேமரா பழுது என்று பதில் வந்தது. பழுதைச் சரி செய்யக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலை அடுத்து கேட்டோம். அப்படி ஒரு கடிதம் இல்லை. இந்த இரண்டு பதில்களும் எங்கள் கோப்பில் இருக்கின்றன. ஓர் ஆளின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் ஏழாவது பிரிவு சொல்வதை, மனுவின் தலைப்பிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் முப்பது நாள் வரிசையில் போய்விடும்.

பன்னிரண்டு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. மனித உரிமை ஆணையத்துக்கு முறையான புகார் எழுதினோம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். விசாரணை தொடங்குகிற சமயத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். “போதும் சார். மண்டியில் எனக்கு வேலை கொடுக்க யோசிக்கிறார்கள். இத்தோடு விட்டுவிடலாம்” என்றார். எங்கள் கையில் வலுவான வழக்கு இருந்தது. குழுவில் இரண்டு பேர், அவரைப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்றார்கள். நான் மறுத்தேன். அடி வாங்கிய கால் அவருடையது. அவர் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். கோப்பை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒருவருடைய வலியை நம்முடைய வெற்றிக்கான பொருளாக்கிக்கொள்வது இந்த வேலையில் மிக எளிதாக நடக்கும் தவறு.

இதை நான் அறிந்தது சொந்தத் தவறால். 2009-இல் ஒரு பஸ் நிலையத்தில் நடந்த தடியடியைப் பற்றி உண்மை அறியும் குழு அறிக்கை எழுதினோம். அங்கே பூ விற்ற ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். “என் பெயரைப் போடுங்கள், யாருக்குப் பயம்?” என்றார். போட்டேன். அறிக்கை வெளிவந்த இரண்டாவது வாரம், ஆக்கிரமிப்பு என்று சொல்லி அவருடைய தட்டையும் நிழல் துணியையும் அகற்றிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அவர் உட்கார்ந்த இடம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் வாசலுக்குப் போய்விட்டார், அங்கே பாதி வியாபாரம்கூட இல்லை. கோபத்தில் முதல் நாள் கொடுக்கும் சம்மதத்தை மூன்றாம் நாள் வீட்டில், மனைவி மக்கள் இருக்கும்போது திரும்பக் கேட்க வேண்டும் என்று அதற்குப் பிறகு வழக்கமாக்கினோம். வெங்காய மண்டி விஷயத்தில் அந்த டீக்கடைக்காரரின் பெயரை எந்தக் கடிதத்திலும் நாங்கள் எழுதவில்லை. ‘நேரில் கண்டவர் ஒருவர்’, அவ்வளவுதான்.

உண்மை அறியப் போகும் ஊர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். இங்கே ஒன்றிரண்டு. சாதி மோதல் நடந்த ஊரில் நீங்கள் முதலில் எங்கே டீ குடிக்கிறீர்கள் என்பதை ஊரே பார்க்கும். ஊர்த்தெருவில் குடித்துவிட்டுக் காலனிக்குப் போனால் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப் போவோம். முதலில் பாதிக்கப்பட்ட தெரு, பிறகு மற்றத் தெரு, கடைசியில் காவல் நிலையமும் வட்டாட்சியரும். அதிகாரிகள் சந்திக்க மறுத்தால், கேட்ட நாளையும் மறுத்த நாளையும் அறிக்கையில் எழுதுவோம். கண்ணால் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, நாங்கள் கருதுவது ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் கலந்துவிடக்கூடாது. ஒருவர் சொன்னதை எழுதியதும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று ஒரு பாட்டி திருத்திய இடம் பிறகு குறுக்கு விசாரணையில் எங்களைக் காப்பாற்றியது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவலர்களும் ஊர்மக்கள் மேல் நடத்திய கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை வந்தது. 2023-இல்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் 2011 தீர்ப்புக்கு முன்பே இறந்து போயிருந்தார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் அந்த மலைக்கிராமப் பெண்கள் தங்கள் சொல்லில் நின்றார்கள். நாம் எழுதி வைக்கும் ஒரு வாக்குமூலம் அத்தனை காலம் தாங்க வேண்டியிருக்கும் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

குண்டர் சட்டத்திலும் நாளும் தேதியும்தான் வேலை செய்கின்றன. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அரசுக்கு அனுப்பிய முறையீட்டை எத்தனை நாள் கிடப்பில் போட்டார்கள் என்ற கணக்கை மட்டுமே வைத்து உயர் நீதிமன்றம் பல ஆணைகளை ரத்து செய்திருக்கிறது. எனவே முறையீட்டை உடனே, ஒப்புகையோடு அனுப்புங்கள். 2004-இல் மதுரைக் கிளை வரும்வரை ஆட்கொணர்வு மனுவுக்காகச் சென்னைக்கு ராத்திரி பஸ் பிடித்து ஓடிய நாட்களை எங்கள் மூத்த வழக்கறிஞர்கள் இன்னும் சொல்வார்கள்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. எங்கள் பழைய படிவங்கள் எல்லாவற்றையும் திருத்தி அச்சிட வேண்டியிருந்தது. கைதுக் குறிப்பு இப்போது 36-ஆம் பிரிவு, குடும்பத்துக்குத் தகவல் 48, வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை 38, 24 மணி நேரம் 58. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும் பெண்களையும் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களையும் அறுபது வயதைக் கடந்தவர்களையும் நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும், அது 179. நேரில் ஆஜராகச் சொல்லும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தால் போதும்.

“திருடனுக்கு ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. என் சொந்தத் தங்கையின் தாலிச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். அவள் கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. பிடிபட்டவனின் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. செய்தித்தாளில் படம் வந்தபோது வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன்தான் செய்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவனுக்குத் தண்டனை வேண்டும் என்று நான் விரும்பினேன், இன்றும் விரும்புகிறேன். அந்தத் தண்டனையை நீதிமன்றம் தர வேண்டும். கையை முறிக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று என் தங்கைக்காக நான் ஒப்புக்கொண்டால், வெங்காய மண்டிக்காரரின் குதிகாலுக்காக நான் எந்த முகத்தோடு நிற்பேன்? மண்டியில் காணாமல் போன பணத்தை அவர் எடுக்கவில்லை, கணக்கில் வந்த பிழை என்று நான்கு மாதம் கழித்து முதலாளியே சொன்னார். என் தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இருந்தாலும் அண்ணா, எனக்கு மனசு ஆறவில்லை” என்றாள். அதற்கு மேல் அவளிடம் நான் வாதாடவில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்பு; நிதி நிறுவனங்களிடம் கை நீட்டுவதில்லை. நாங்களும் அந்த வழியையே பிடித்துக்கொண்டோம். ஆட்டோ, ஜெராக்ஸ், தபால் ஆகியவைதான் எங்கள் செலவு, ஒவ்வொரு மாதமும் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறோம். விடுதலையானவர்களின் குடும்பத்திடம் எதையும் வாங்குவதில்லை. வெங்காய மண்டிக்காரர் ஜாமீனில் வந்த வாரம் ஒரு மூட்டை வெங்காயம் வாசலில் இறங்கியது. திருப்பி அனுப்பியபோது அந்தப் பெண்ணின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அனுப்பித்தான் ஆக வேண்டும். அடுத்து வருகிறவர், மூட்டை கொண்டுவர முடியாதவராக இருப்பார்.

ஆட்களைக் காப்பாற்றி வைப்பதுதான் பணத்தைவிடக் கடினம். ஐயா இறந்தபோது முப்பது ஆண்டுக் கோப்புகள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. எந்தப் பெட்டியில் என்ன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். பாதியைச் செல்லரித்துவிட்டது. இப்போது ஒவ்வொரு கோப்பும் இரண்டு வீடுகளில் இருக்கிறது. தொலைபேசியும் ஒருவரிடமே இருப்பதில்லை. முன்பு என்னிடம் மட்டுமே இருந்தது. மூன்று ஆண்டுகள் நான் சரியாகத் தூங்கவில்லை, ஒரு கட்டத்தில் அழைப்பு மணியைக் கேட்டாலே வயிறு கலங்கியது. மருத்துவர் சொல்லித்தான் முறை வைத்தோம். ஒரு சம்பவத்தின் சூட்டில் பதினைந்து இளைஞர்கள் வருவார்கள், ஆறு மாதத்தில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அந்த இருவரை முதல் வாரமே காவல் நிலையத்துக்கு அனுப்பாமல் கோப்பு அடுக்க உட்காரவைத்துப் பாருங்கள். பழைய கடிதங்களைப் படித்து வளர்கிறவர்கள் நிலைக்கிறார்கள்.

கடந்த ஆண்டு ஒரு மாலை, வெங்காய மண்டிக்காரரின் மனைவி அழைத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பையனைக் கொண்டு போய்விட்டார்கள். நான் வாய் திறப்பதற்கு முன் அவர் சொல்லத் தொடங்கினார்: “ஐந்தே முக்கால் மணி சார். வெள்ளை ஜீப். நம்பரைக் கையில் எழுதி வைத்திருக்கிறேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, காலில் செருப்பு இல்லை. அவன் அம்மாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறேன், பேசுகிறீர்களா?”

அந்தப் பையன் இரவு எட்டரைக்கு வீடு திரும்பினான். எங்கள் கடிதத்தால்தானா என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரை வரச் சொன்னோம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், வேகமாக எழுத வராது என்று தயங்கினார். வேகம் வேண்டாம், மணியைச் சரியாக எழுதினால் போதும் என்று ஆசிரியை சொன்னார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தொலைபேசி அவரிடம்தான் இருக்கிறது.